இடப்பக்கம் இழுக்கிறது

ஆடி மாதத்தின் மூன்றாவது ஞாயிறு.
தக்கலையில் வில்பர்ட்டின் செட்டுக்குள்
எஸ்டீம் நிற்கிறது.
ஒவ்வொரு சக்கரத்தடியிலும் இரண்டு டைல்ஸ்,
நடுவே கிரீஸ் தடவியது.
திருப்பினால் பிடிவாதம் பிடிக்காமல் நழுவ வேண்டும்.
கோயம்புத்தூர் ஆட்டோகிராஸுக்கு இன்னும் பதினோரு நாள்.

கையை எடுத்தால் இடப்பக்கம் போகிறது.
நேராய்ப் போக வேண்டுமென்றால்
ஸ்டீயரிங் மணி ஒன்றைக் காட்டுகிறது.

"காத்தாக்கும் மக்கா" என்றான் ஆஷ்லின், முதல் ஞாயிறு.
இருக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இந்த மாதம்
லாரியின் தார்ப்பாயை உரித்துப் பார்க்கும் காற்று.
காற்றாலைகளுக்கு அடியில் போனோம், வந்தோம்.
போகையிலும் இடம். வருகையிலும் இடம்.
நாம் திரும்பினால் தானும் திரும்பித் தள்ளுகிற பழக்கம்
எந்தக் காற்றுக்கும் இல்லை.

ரோட்டின் சரிவோ?
விடியுமுன், ஆளில்லா நேரம் பார்த்து
வலது ஓரத்தில் விட்டுப் பார்த்தோம்.
மழைத்தண்ணீர் வலப்பக்கம் வடியும் இடத்திலும்
வண்டிக்கு இடந்தான் பிடித்திருந்தது.

முன் டயர்களை இடம் மாற்றினோம்.
பிரேக் ஒட்டுகிறதா என்று ஓடி நின்றதும் ரிம்மைத் தொட்டோம்:
இரண்டும் ஆறிப்போன சாயாவின் சூடு.
டை ராட் எண்ட் இரண்டும் புதுசு,
ஆயிரத்து நானூறு, வில்பர்ட்டின் காசு.
மார்த்தாண்டத்தில் மெஷினில் ஏற்றி
முன்பக்கம் எல்லாம் பச்சை என்று அச்சடித்துத் தந்தார்கள்.
"பின்னாடியும் பாக்கட்டா?" என்று கேட்டான் கடைப் பையன்.
வேண்டாமென்று சொன்னவன் நான்.

மூன்றில் ஒரு பங்கு என்னுடையது.
ஸ்டீயரிங் ஆஷ்லினுடையது, ஸ்பானர் வில்பர்ட்டினுடையது.
எனக்கு டார்ச்.

இன்று குளச்சலில் வாங்கிய தங்கூசி நரம்பை
நாலு ஸ்டாண்டில் கட்டி
வண்டியின் இரு பக்கமும் இழுத்து நிறுத்தினான் வில்பர்ட்.
சூரை மீனையே தாங்கும் நரம்பு. தொட்டால் மெல்ல முனகியது.
குப்புறப் படுத்து
ரிம்முக்கும் நரம்புக்கும் நடுவே ஸ்கேலை வைத்தான்.
"முன் இடது. முன் விளிம்பு அறுபத்திரண்டு, பின் விளிம்பு அறுபத்திமூணு."
ஆஷ்லின் எழுதினான்.
"முன் வலது. அதே கணக்கு."
பிறகு, நிறுத்தாமல், பின்னால் நகர்ந்தான்.
யாரும் சொல்லவில்லை. நரம்பு அதுவரை போகிறது, அவ்வளவுதான்.
"பின் இடது. எழுபத்தொண்ணு, எழுபது."
"பின் வலது."
ஸ்கேலைத் துடைத்து மறுபடி வைத்தான்.
"அறுபத்தாறு. எழுபத்திரண்டு.
ஓய், வெளிச்சத்தை ஆட்டாதே."

ஆறு மில்லி.
பின்சக்கரம் ஒன்று வலப்பக்கம் போக நினைக்கிறது,
மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது.
மூன்று வாரமாய் நண்டு ஒன்றை
நேராய் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"முன்னாடி நாம ஒண்ணும் இடிக்கல்லியே" என்றான் ஆஷ்லின்.
பின்னாடியும் அவன் இடிக்கவில்லை.

ஆனி கடைசி வெள்ளி, ராத்திரி பதினொன்றரை.
பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் மரங்கள் மட்டும்.
நேரம் குறிக்க ஆளில்லை, நானும் ஓட்டுவேன் என்று
நான் ஒருவன் பார்த்தால் போதும் என்றிருந்தது.
மூன்று வளைவு நன்றாக வந்தது.
மூன்றாவது மிக நன்றாக.
நான்காவதில் கலுங்குச் சுவர் இருந்தது.
பின்னால் ஒரு தட்டு, வலது சக்கரத்தில்,
கதவைச் சாத்தும் சத்தம்தான்.
ரிம்மில் ஒட்டிய வெள்ளையை நகத்தால் சுரண்டினேன்.

சொன்னேன்.
டார்ச்சை அணைக்காமலே சொன்னேன்,
அணைத்தால் சுலபமாய் இருந்திருக்கும்.

ஆஷ்லின் பேனாவை மூடினான், திறந்தான்.
வில்பர்ட் வண்டிக்கடியில் இருந்து வெளியே வரவில்லை.
அவன் கால்கள் மட்டும் பேசின:
"எவ்வளவு வேகம்?"
"நாப்பது."

வளைந்த லிங்க்கை விரலால் தடவும் சத்தம்.
கொஞ்ச நேரம் காற்று தகரத்தை அடித்தது.

"அறுபதுன்னு எழுதுல" என்றான் ஆஷ்லினிடம்.
"கம்பி சொல்லுது."