பாக்கெட் பார்ப்பவள்

மெஷினில் போடும் முன் பாக்கெட்டைத் துழாவுவது என் வேலை.
ஜெலுத்தோங் டோபிக் கடை. ஒன்பது மெஷின்,
ஒரு மடிப்பு மேசை, கிறீச்சிடும் காற்றாடி.
இருபது சென் காசு கிடைக்கும், நாலு நம்பர் சீட்டு கிடைக்கும்,
ஒருமுறை டிஷ்யூவில் சுற்றிய ஒரு பல்.
மனிதர்கள் எதையெல்லாம் தொடையில் வைத்துக்கொண்டு
நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதிகம் கிடைப்பது அட்டை.
மாத்திரை பிதுக்கி எடுத்த வெள்ளித்தாள் அட்டை.
பத்துக் குழி, பத்தும் காலி.
கவனிக்காமல் விட்டால் தூள்தூளாகி
கறுப்புச் சட்டையெல்லாம் மினுக்கும்.
பிறகு யார் திட்டு வாங்குவது?

வீட்டிலும் அதே அட்டைதான்.
அவர் பிறையில் லாரிக்கு டயர் மாற்றுகிறவர்.
முட்டிக்கு என்று டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதினார்.
ஐந்து நாள் ஒன்பது வருஷமானது.
காலையில் ஒன்று, மதியம் கோப்பி ஓவோடு ஒன்று,
கன்டெய்னர் லாரி வந்தால் இன்னொன்று.
தீர்ந்துபோனால் மூலைக் கடைக்கு
ஓடிப்போய் வாங்கி வந்தவள் நான்.

முட்டி வலித்தது. இடுப்பு வலித்தது.
மழை வரும் முன்பே தோள் வலித்தது.
வலிக்காமல் கிடந்தவை இரண்டே இரண்டு,
முதுகுப் பக்கம், அவரைக்கொட்டை மாதிரி.
அவையும் வலித்திருந்தால்
அதற்கும் ஒன்று போட்டிருப்பார்.

காலுறைத் தடம் விடிந்தும் மறையாமல் இருந்தது.
டயர்க் கடையில் நிற்கிற கால், அப்படித்தான் இருக்கும்.
சிறுநீரில் நுரை என்றார் ஒருநாள்.
நுரையைப் பார்த்துப் பயப்படுகிறவளா நான்?
ரெண்டு சொம்பு தண்ணி கூடக் குடிங்க,
அலசிக்கிட்டுப் போயிடும் என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில்
நோர்ஹயாதி என்ற சின்ன வயசு டாக்டர்
எழுநூற்றுச் சொச்சம் என்று ஓர் எண்ணைக் காட்டினாள்.
கூடினால் நல்லதுதானே என்று கேட்டார் இவர்.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டாள்.
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கணக்கு என்னிடம்தான் இருந்தது.
ஒவ்வொரு கால்சட்டையிலிருந்தும் எடுத்து
ஒவ்வொன்றாய்க் குப்பையில் போட்ட கை
மேசைக்கடியில் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது.

இப்போது செவ்வாய், வியாழன், சனி.
"உன் மெஷினுக்கு இருபத்தெட்டு நிமிஷம்,
என் மெஷினுக்கு நாலு மணி நேரம்.
அழுக்கு ஜாஸ்தி" என்பார்,
குழாய் குத்திய கையை அசைக்காமல்.
பக்கத்துக் கட்டில் மிஸ்டர் ஓங்குக்குத் தமிழ் தெரியாது,
அவரும் சிரிப்பார்.

நாளெல்லாம் என் கைமேல் தண்ணீர் ஓடுகிறது.
அவருக்கு நாளைக்கு இரண்டு தம்ளர்.
ராத்திரி ஓர் ஐஸ்கட்டியைக்
கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
கரையும்வரை பேசமாட்டார்.
கரைந்த பிறகு, முட்டி வலிக்குது என்பார்.

அது மட்டும் போகவே இல்லை.

நேற்று ஒரு பையன் வந்தான்.
சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன், பச்சைச் சட்டை,
இடது மணிக்கட்டில் பட்டி.
ஜீன்ஸில் மூன்று அட்டை.
குப்பைக்கூடைவரை போன கை திரும்பியது.
துவைத்து, காயவைத்து, மடித்து,
துணி அடுக்கின் மேல் அந்த மூன்றையும் வைத்தேன்.

"அது வேணாங்கா, காலி."

"காலின்னு தெரியுது தம்பி.
எத்தனை நாள்ல?"

அவன் ஒரு விரலை மடக்கினான்,
இரண்டாவதை மடக்கினான்.
வெளியே அவன் போன் அடித்தது.
யாருக்கோ சோறு ஆறிக்கொண்டிருந்தது.