பெயர்போனவர்கள்

புதுப் பாலத்துக்குப் பெயர் சூட்டும் நாள் நெருங்குகிறது.
"பாஸ்லேக் குடும்பத்தில் பெயர்போனவர்கள் யார் யார்?
ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள்"
என்று சொல்லிவிட்டு மேயர் பல் வைத்தியரிடம் போய்விட்டார்.
ஆவணக் காப்பறையில் நான். ஹீட்டர் வேலை செய்யவில்லை.
கையுறையோடுதான் பக்கம் புரட்டுகிறேன்.

பாஸ்லேக் என்றால்
எங்கள் தெற்கத்திப் பழம்பேச்சில் நீரைக் கடப்பவன்.
லோத் நதியின் ஓடக்காரனுக்கு ஊர் வைத்த பெயர்.
முதலில் அகப்படுபவன் கிலெம், 1412.
புகழால் ஏடேறியவன் அல்ல, அபராதத்தால்:
நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு
இரண்டு துறவிகளிடம் கூடுதல் காசு கேட்டிருக்கிறான்.
ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள்.
இவனுக்கு அதுவரைகூடப் பொறுமையில்லை.
எனக்கு இவனைப் பிடித்துப்போயிற்று.

கொள்ளைநோய்க் காலத்தில்
பதினோரு வருஷம் ஓடம் தள்ளியவள் ஒருத்தி.
பாதிரியார் எழுதியிருப்பது "பாஸ்லேக்கின் விதவை" என்று மட்டும்.
பெயர்போனவர் என்றால்
இவளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிறகு ஆந்தெல்ம், கப்பற்படை வைத்தியர்,
நீந்தத் தெரியாதவர்,
ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் செத்தார்.
பிறகு ஒரு பத்திர எழுத்தர்.
பெயருக்கு முன்னால் "த" சேர்த்துப் பிரபு ஆனவர்,
புரட்சி வந்த அன்றிரவே அதைக் கத்தியால் சுரண்டியவர்.
தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது.
அதன் வழியே பார்த்தால்
அடுத்த பக்கத்தில் யாருக்கோ கல்யாணம்.

மேயருக்கு வேண்டியவர் இலேர் பாஸ்லேக்.
கடல் கடந்து மரீ-கலாந்த் தீவில் கரும்பு போட்டவர்,
நம் கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டிக் கொடுத்தவர்.
அவருடைய 1829ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகம்
எங்களிடம்தான் இருக்கிறது. அழகான கையெழுத்து.
கோவேறு கழுதை நான்கு.
செம்புக் கொப்பரை ஆறு.
ஸெலெஸ்தின், வயது ஒன்பது, இருமல்.
மூன்றுக்கும் ஒரே மை.
நான் கையுறையைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை.
திரும்பவும் போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு சைக்கிள் பந்தயக்காரரும் இருக்கிறார், 1926.
கடைசியாக வந்தார். அவரை விட்டுவிடலாம்.

போன வாரம் தீவிலிருந்து கடிதம்:
"பாலத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தேன்.
என் பெயர் எர்மான்ஸ் லேக்பாஸ்.
ஸெலெஸ்தினுடைய வழியில் வந்தவள்.
1848இல் விலங்கு கழன்றபோது
ஆளுக்கொரு குடும்பப் பெயர் எழுத ஒரு குமாஸ்தா உட்கார்ந்தார்.
எஜமானர் பெயரைக் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு.
வரிசை நீளம், வெயில் வேறு.
அவர் அந்தப் பெயரையே எடுத்து
சட்டையைப் போலத் திருப்பிப் போட்டுவிட்டார்.
உங்கள் பெயர் நீரைக் கடப்பவன்.
எங்கள் பெயர், நீர் கடந்து போகிறது.
ஒன்றுதான் கேட்க வேண்டும்:
பாலத்தின் இரண்டு முனையிலும் பலகை உண்டா?"

ஒரு பக்கம்தான் எழுதினேன்.
கடைசி வரியில், இந்தக் கரையில் பாஸ்லேக் என்றும்
அந்தக் கரையில் லேக்பாஸ் என்றும் பலகை வைக்கலாம் என்றேன்.

மேயர் வீங்கிய கன்னத்தோடு படித்தார்.
"இங்கே பெயர் தலைகீழாக விழுந்திருக்கிறதே, அச்சுப் பிழையா?"
"இல்லை."
கணக்குப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தார், கழுதை, கொப்பரை, இருமல்.
பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.
பிறகு கேட்டார்:
"இரண்டாவது பலகைக்குக் காசு யார் கொடுப்பது?"

ஜன்னலுக்குக் கீழே ஆறு.
அறுநூறு வருஷமாக நடு ஆற்றில் நிற்கிற துடுப்பிலிருந்து
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.