கட்டம் பதினொன்று

வெருலத்துக்கு வெளியே, கரும்புக்கு நடுவில்,
சர்க்கரைக் கம்பெனி எப்போதோ வெட்டி
மறந்துபோன குளம்.
சனிக்கிழமை, காலை ஏழரை.
நான்கு பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டிய
ஒரு மீட்டர் சதுரத்தை
ஸ்பாமன்ட்லா வீசுகிறான்.
விழுந்த இடத்தில் எண்ணுகிறோம்.
எழுதுவது என் வேலை.
தண்ணீரில் இறங்காமலிருக்க
அது ஒரு மரியாதையான காரணம்.

கட்டம் ஒன்று: வெங்காயத்தாமரை, நாற்பத்திரண்டு.
கட்டம் இரண்டு: வெங்காயத்தாமரை, ஐம்பத்தேழு,
ஒரு தவளை.
தவளைக்குப் படிவத்தில் பத்தி இல்லை.
கட்டம் நான்கில் தண்ணீரே தெரியவில்லை;
சாட்வின் கையை விட்டுத் தேடி
"இருக்கு, கீழே இருக்கு" என்றான்,
தொலைந்த சாவியைச் சொல்வதுபோல.

ஊதாப் பூ. மேல் இதழில் மட்டும்
மயிற்பீலிக் கண்ணாய் ஒரு மஞ்சள் பொட்டு.
இவ்வளவு அழகாக இருக்கும் என்று
துண்டுப்பிரசுரத்தில் யாரும் எச்சரிக்கவில்லை.

ஆறாவது பத்தி: பூர்வீகம்.
அமேசான் என்று எழுதினேன்.
அதன் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி.
நொக்வாண்டா எட்டிப் பார்த்தாள்:
"லோஷ்னி, உன் பேரையும் சேர்த்துக்கொள்,
வந்த வருஷத்தோடு."
சிரித்தோம். பழைய ஜோக்.
பழைய பதிலும் என்னிடம் உண்டு,
கப்பல் பெயர், ஆண்டு,
பாட்டனின் பாட்டனுக்குப் போட்ட எண்.
சொல்லத் தொடங்குவதற்குள்
ஒரு குரங்கு என் பையைத் திறந்து
உருளைக்கிழங்கு ரொட்டியை
எடுத்துக்கொண்டு போயிற்று.
எந்தப் பத்தியிலும் சேராத திருட்டு.

கட்டம் பதினொன்று.
இங்கே இலையெல்லாம் வடு,
யாரோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி
வெளுக்க வைத்ததுபோல.
குருத்தைப் பிரித்து, சேற்று விரலில்
சாட்வின் தூக்கிக் காட்டினான்:
கூன்வண்டு. அரிசி மணி அளவு.
காலை மடக்கிக்கொண்டு
செத்ததாக நடித்தது.

களையைத் தின்பதற்காக
களையின் ஊரிலிருந்தே கொண்டுவந்தது.
பெட்டியில் அடைத்து, கடல் தாண்டி,
தனிமையில் வைத்துச் சோதித்து,
வேறெதையும் தொடாது என்று
காகிதத்தில் முத்திரை குத்தி.
வேலைக்கென்று வந்தது.
வேலை முடிந்தபின் எங்கே போகும் என்று
அந்தக் காகிதத்தில்
ஒரு பத்தி இருந்திருக்குமா?

நொக்வாண்டா இப்போது சிரிக்கவில்லை.
"இன்னும் இருக்கா பார்" என்றாள்.
யாரும் சொல்லாமலே நாலு பேரும்
அரைமணி நேரம் குருத்து குருத்தாகத் தேடினோம்.
மூன்று கிடைத்தன.
ஓரத்தில், வெற்றிடத்தில் எழுதினேன்:
வண்டு, மூன்று. வேலையில் இருக்கின்றன.

புறப்படுமுன் எல்லாரும்
காலணி கழுவ வேண்டும், அது விதி,
ஒரு துணுக்குகூட அடுத்த குளத்துக்குப் போகக்கூடாது.
நான் இறங்கவே இல்லையே என்றேன்.
ஸ்பாமன்ட்லா பேசாமல் குனிந்து
என் காலணிக் கயிற்றின் முடிச்சிலிருந்து
பச்சையாக எதையோ
நகத்தால் எடுத்தான்.