எலுமிச்சை ஒன்று

சனிக்கிழமை மாலை ஆறரை.
ஜீவனஹள்ளிக்காரர்கள் உள்ளே வந்தார்கள்
மாதச் சாமான் வாங்க வந்தவர்களைப் போல.
ஆளுக்கொரு தள்ளுவண்டி.
ஒவ்வொரு வண்டியிலும்
ஒரே ஒரு எலுமிச்சை.

கவுண்டர் ஏழு என்னுடையது.
காலை பத்திலிருந்து நிற்கிறேன்.
உட்கார்ந்து பில் போட்டால்
வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்.
பாதத்துக்கு அந்த மரியாதை தெரியவில்லை.
ஷூவுக்குள் அது
புளித்த மாவு மாதிரிப் பொங்குகிறது.

வரிசையில் முதல் ஆள் சகாயமேரி அக்கா.
எங்களுக்கு ஒரே குழாயடி.
போன வாரம்தான் குடத்துக்காகச் சண்டை.
"எவ்வளவும்மா?" என்றாள்
என்னை முன்னேபின்னே பார்க்காதவளாக.

ஆறு ரூபாய்.

பர்ஸைக் கவிழ்த்தாள்.
பன்னிரண்டு ஐம்பது காசுகள்.
பஸ்ஸில் வாங்காத காசு,
பிச்சைக்காரரும் திருப்பித் தருகிற காசு.
சர்ச் உண்டியலில் கொஞ்சம்,
தர்காப் பெட்டியில் கொஞ்சம்,
மாரியம்மன் தட்டில் மீதி
என்று மூன்று வாரமாக மாற்றிச் சேர்த்தது.

அடுத்தது பாக்யம்மா. ஒந்து, எரடு, மூரு.
அடுத்தது நசீமா. ஏக், தோ, தீன்.
நான் மூன்று மொழியிலும் தப்பாக எண்ணி
மறுபடி முதலிலிருந்து.

காரணம் என் காய்ச்சல்.
சம்பளச் சீட்டில் மாதாமாதம்
இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி.
ஆஸ்பத்திரி ஜன்னலில்
சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்:
இந்த நம்பரில் யாரும் இல்லை.
நூற்றிரண்டு டிகிரியில்
யாருமில்லாத ஒருத்தி
ஆட்டோவுக்குக் காசில்லாமல் நடந்து வந்தாள்.
குழாயடியில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னேன்.
வரிசை கலைந்து கேட்டது.

நாங்கள் சங்கம் வைத்தால்
மறுநாள் கேட்டில் கைரேகை எடுக்காது.
அதனால் வாங்குகிறவர்கள் வைத்தார்கள்.

ஏழு மணிக்கு வரிசை
ஷாம்பு அலமாரியைத் தாண்டி,
மீன் தொட்டியைத் தாண்டி,
பாஸ்மதி மூட்டைகளைச் சுற்றி வளைந்தது.
மேனேஜர் பிரமோத் ஓடி வந்தார்.
"ஏன் இவ்வளவு லேட்?"
"எண்ணுகிறேன் சார்.
ஒரு ரூபாய் குறைந்தாலும்
என் கணக்கில்தானே பிடிப்பீர்கள்."
வாயைத் திறந்தார்.
தலைக்கு மேல் கேமரா என்னைப் பார்த்தது,
நானும் சிரிக்காமல் அதைப் பார்த்தேன்.
காய்ச்சலைவிட அது கஷ்டமாக இருந்தது.

எல்லாம் அழகாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன்.
நிறைந்த வண்டியோடு நின்ற ஒரு அம்மாள்
"உங்கள் சண்டையில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்"
என்று அப்படியே விட்டுப் போனார்.
ஐஸ்கிரீம் உருகி
சக்கரத்தின் வழியே சொட்டியது.
இரவு பதினொன்றுக்கு அதைத் துடைத்தது
ஹவுஸ்கீப்பிங் துளசி.
அவளுக்கு என்னைவிடச் சம்பளம் குறைவு.
துடைத்துக்கொண்டே ஒன்றும் பேசவில்லை.
அடுத்த சனிக்கிழமை,
வார லீவு நாளில்,
வரிசையில் அவளும் நின்றாள்.
கையில் எலுமிச்சை.

நான்காவது வாரம் கம்பெனி இறங்கி வந்தது,
ஒரு ஸ்டூல் அளவுக்கு.
எட்டு கவுண்டருக்கு ஒன்று. சிவப்பு பிளாஸ்டிக்.
சம்பளத்தைப் பற்றி
"பரிசீலனையில் உள்ளது" என்று
கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம்.

ஸ்டூலின் அடியில் விலைச் சீட்டை
கிழிக்க மறந்திருந்தார்கள்.
என் முறை வந்தபோது உட்காரவில்லை,
குப்புறக் கவிழ்த்து ஸ்கேன் செய்தேன்.
நானூற்று நாற்பத்தொன்பது.
என் ஒரு நாளைவிட
பதினான்கு ரூபாய் அதிகம்.

பிறகு உட்கார்ந்தேன்.
உட்காராமல் என்ன.

இன்று வெள்ளி.
எலுமிச்சை விலையை ஏற்றிவிட்டார்கள்,
ஏழு ரூபாய்.
குழாயடியில் செய்தியைச் சொன்னேன்.
சகாயமேரி அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றியபடி
மனக்கணக்குப் போட்டாள்:
"அப்படின்னா
ஆளுக்குப் பதினாலு காசு.
நல்லதுதான், இன்னும் மெதுவா எண்ணலாம்."