முப்பத்தாறு துளை

முன்சில்லு இருபத்தொன்று. பின்சில்லு பதினெட்டு.
இரண்டையும் பதினேழு ஆக்கவேணும், இவ்வளவுதானே என்று
கிளிநொச்சிக்கு வண்டியைக் கொண்டுவந்தேன்.

ஜெசிந்தா கையைக்கூடத் துடைக்கவில்லை.
"சில்லைப் பிறகு பாப்பம். முதல் குடத்தைச் சொல்லு.
எத்தினை துளை?"

எனக்குத் தெரியாது.
யானை மிதித்த வயல்களை அளக்க
ஏழு வருடம் இந்த ஜெபலில் போய்வந்தவனுக்கு
தனக்குக் கீழே எத்தனை கம்பி என்று தெரியாது.

உயரமான, மெலிந்த சில்லு அது.
குளக்கட்டு ஏறும், வரம்பு தாண்டும்,
முறிப்புச் சேற்றில் கத்தியாய் இறங்கி
ஒரு பெருமூச்சோடு வெளியே வரும்.
இப்போது மாங்குளத்திலிருந்து கடல்வரைக்கும் காப்பெற் றோட்டு.
வளைவில் சாய்த்தால்
ரயரின் கட்டைகள் தனித்தனியே நெளிகின்றன,
ஆடும் பல்லால் முறுக்குக் கடித்ததுபோல.

"வார்ப்புச் சில்லு போட்டால் மலிவு" என்றேன்.
விழுந்த தார்வண்டி ஒன்றின் இரண்டு சில்லையும்
ஒருவன் முப்பதினாயிரத்துக்குத் தருகிறான்.
"அச்சு மொத்தம் வேறை. லேத்துக்குக் குடுக்கிற காசு?
காப்பெற் முடியிற இடத்திலை கிடங்கு இருக்கு.
வார்ப்பு வெடிக்கும். கம்பி வளையும்.
வளைஞ்சதை நான் நிமித்துவன்.
வெடிச்சதைத் தூக்கிக்கொண்டு என்னட்டை வராதை."

வளையம் தங்கநிறத்தில் கேட்டேன்.
"கலியாண வீடே?"
கறுப்பு என்று எழுதினாள்.

கொழும்பு பஸ்ஸில், மாச்சாக்குக்குள்,
யாரோ ஒருவருடைய காலுக்கடியில் இரவு முழுக்கக் கிடந்து
வந்து இறங்கின.
முன்வளையம் முப்பத்தாறு. முன்குடமும் முப்பத்தாறு.
பின்வளையம் முப்பத்தாறு.
பின்குடத்தைச் சுண்ணக்கட்டியால் தொட்டுத்தொட்டு எண்ணினாள்.
முப்பத்திரண்டு.
திரும்பவும் எண்ணினாள். பிறகு நான்.
மிச்சம் நாலு துளை எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

பரந்தனில் நளீமின் பழைய இரும்பு முற்றம்.
அங்கே எல்லாம் கிலோவில்தான் பேசும்:
கட்டில் கால், தண்ணி மெசின், பாதி உழவு மெசின்,
பெயர் மட்டும் எஞ்சிய ஒரு படலைத் தகடு.
குவியலுக்கடியில் பின்குடம் ஒன்று.
துளை முப்பத்தாறு.
உள்ளே ஆறு ரப்பர்த் துண்டுகள், இன்னும் மிருதுவாய்.
எஞ்சின் உதைக்கிற உதையை
கம்பிக்குச் சொல்லாமல் அவை தங்களுக்குள் வைத்துக்கொள்ளும்,
தார் ஓட்டத்துக்கு அதுதான் வேணும் என்றாள்.
எந்த வண்டியினுடையது, ஓட்டினவர் ஆர்,
நானும் கேட்கவில்லை. நளீமும் சொல்லவில்லை.
தராசு இரண்டு கிலோ முந்நூறு என்றது.

மூன்று பின்னேரம் பின்னினாள்.
மேலால், மேலால், கீழால்.
சாவியால் கம்பியைத் தட்டிக் காதைக் கொடுப்பாள்;
ஒன்று மட்டும் தாழ்ந்து ஒலித்தால்
அரைச் சுற்று, பிறகு கால் சுற்று, பிறகு ஒரு திட்டு.
பெரிய பிறேக் தட்டுக்கு
பழைய கலப்பைத் தகட்டில் தாங்கி வெட்டினோம்.
பின் பற்சக்கரத்தில் மூன்று பல் குறைத்தோம்.

மீற்றரை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.
முன்சில்லு சொல்வதைத்தான் அது நம்பும்,
சில்லு சிறுத்த கதை அதற்குத் தெரியாது.
ஐம்பத்திரண்டில் போனால் அறுபது என்கிறது.
அதே தார், அதே பாலங்கள்,
ஒட்டுசுட்டான் நாலு கிலோமீற்றர் தள்ளிப் போய்விட்டது.

நெடுங்கேணிப் பக்கம் விட்டேன்.
காப்பெற் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து
கிறவல் தொடங்குகிற இடத்தில்
கொந்திராத்துக்காரன் விட்டுப்போன தார்ப்பீப்பா.
அதைச் சுற்றித் திரும்பினேன்.
முன்சில்லு தாரைப் பிடித்த அந்த நொடி
பின்சில்லு இன்னும் கிறவலில் பக்கவாட்டாய்ப் போனது.
எனக்கு முன்னமே யாருக்கோ உழைத்த ஆறு ரப்பரும்
எதையோ விழுங்கின.
வண்டி நேராகியது.

நிறுத்திக் குந்தியிருந்து, சூடு ஆறாத குடத்தடியில்
கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
மணல் லொறிக்காரன் வேகம் குறைத்து
"காத்துப் போட்டுதோ?" என்றான்.
"இல்லையண்ணை," என்றேன்,
"எண்ணிக்கொண்டிருக்கிறன்."