நான்கு பேருக்கு ஒரு கண்

கசாப்புக்கடைக்காரர் ஆறு கண்கள் கொடுத்தனுப்பியிருந்தார்,
பெயின்ட் வாளியில், உப்புத் தண்ணீரில்.
இருபத்து நான்கு பேர் நாங்கள்.
நான்கு பேருக்கு ஒரு கண்.

மொகோட்லோங் மலையில் மார்ச் மாதம்.
ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டிய அறையில்
ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, அட்டை.
ம்மே செகானியானா வாளியை மேசைமேல் வைத்தபோது
அவை மெல்லப் புரண்டு
ஆளுக்கொரு திசையைப் பார்த்தன.
லிபுவோ வெளியே ஓடினாள்.
எங்கள் மேசையில்
மூன்று பேருக்கு ஒரு கண் ஆனது.

பாடப்புத்தகத்தில் கண் என்பது ஒரு வட்டம்,
சுற்றிலும் அம்புக்குறிகள்.
கையில் அது வழுக்கியது, கனத்தது,
மஞ்சள் கொழுப்பு அப்பியிருந்தது.
பாதி சவர பிளேடு எங்களுக்கு,
மறுபாதி அடுத்த மேசைக்கு.
கௌஹெலோ பிடித்துக்கொண்டாள், நான் அறுத்தேன்.
வெள்ளைப் பகுதி இவ்வளவு கெட்டி என்று
எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.
செருப்புத் தோல்போல முரண்டு பிடித்துவிட்டு
சட்டென்று விட்டுக்கொடுத்தது.
கறுப்புத் தண்ணீர் என் சட்டைக் கையில்,
கௌஹெலோவின் கன்னத்தில்.
அவள் கத்தவில்லை.
பிடியை விடாதே என்று நான்தான் கத்தினேன்.

வில்லை வெளியே வந்தது.
அடியில் விரித்த பழைய செய்தித்தாளில்
கம்பளி விலைப் பட்டியல்மேல் உருண்டு நின்றது.
நின்ற இடத்தில் ஒரு ஏழு
பெருத்து எழுந்தது.
மூன்று தலைகள் அதன்மேல் முட்டிக்கொண்டன.
நகர்த்த நகர்த்த ஒவ்வொரு விலையும் ஏறியது.
"இந்த விலைக்கு விற்றிருந்தால்
எங்கப்பா பூட்ஸ் வாங்கியிருப்பார்"
என்றாள் மொலேபோஹெங்.

அப்புறம் பின்பக்கத்துக் கிண்ணம்.
கறுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தோம்.
பச்சை, நீலம்,
மழைக்குட்டையில் டீசல் சிந்தியது போல.
சாய்த்தால் ஓடியது.
"இது எதற்கு?" என்றார் ம்மே.
மனிதக் கண்ணின் படத்தில் இது இல்லை.
முன்வரிசை புத்தகத்தைப் புரட்டியது.

எனக்குத் தெரியும்.
படித்து அல்ல.
என் தம்பி லெரோதோலி, வயது பதின்மூன்று,
நவம்பரிலிருந்து மேலே மாட்டுப்பட்டியில் இருக்கிறான்.
வீட்டில் ஒருவர் கட்டணத்துக்குத்தான் பணம்,
மாடுகளுக்கோ ஒரு பையன் வேண்டும்.
எனக்குச் சீருடை, அவனுக்குப் போர்வை.

அவன் சொல்லியிருக்கிறான்:
ராத்திரி டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றுவேன்,
கண்கள் எரியும், எண்ணிவிடுவேன்.
ஒற்றைப்படையில் முடிந்தால்
ஒற்றைக்கண் கிழட்டுப் பசுவும் பட்டிக்குள் இருக்கிறது.
இரட்டைப்படையில் முடிந்தால்தான்
போர்வையை உதறிவிட்டு ஓட வேண்டும்.

எழுந்து நின்று சொன்னேன்:
உள்ளே போகும் வெளிச்சம் இதில் பட்டுத் திரும்பும்.
இருட்டில் மாடு ஒன்றையே இரண்டு தடவை பார்க்கிறது.
"எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"
"பட்டியில், ம்மே."
வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
நான் சொன்னதைக் கரும்பலகையில் எழுதி
கீழே என் பெயரைப் போட்டார்.
அவன் பெயரை நான் சொல்லவில்லை.
சொல்ல நேரம் இருந்தது.

படத்துக்குப் பத்துக்கு ஏழு.
அம்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாதாம்.
வில்லையை மாத்திரைக் குப்பியில் போட்டுக்கொண்டேன்,
விடுமுறையில் அவனிடம் காட்டலாம் என்று.
எழுத்தைப் பெரிதாக்கும்.
என்ன எழுத்து என்று அது சொல்லாது.
மூன்றாம் நாளே அவித்த முட்டைபோல வெளுத்துவிட்டது.
ஆனாலும் எறியவில்லை.

சோப்புப் போட்டும் கையில் அந்த வாடை.
சாப்பாட்டு வரிசையில் லிபுவோ தள்ளி நின்றாள்.

ஒன்பது மணிக்கு விடுதிக் காப்பாளர் டார்ச்சோடு வருகிறார்.
கட்டில் கட்டிலாக வெளிச்சம் நகர்கிறது.
எங்கள் யாருடைய கண்ணும் எரிவதில்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான்
எண்ண வேண்டியிருக்கிறது அவருக்கு.