மேற்படி

முத்துப்பேட்டைக் காயலான் கடையில்
கிலோ முப்பத்தெட்டுக்கு எடுத்தேன்.
பதினாலரைக் கிலோ.
தராசில் ஏற்றும்போது அதன் மணி ஒருதரம் அடித்தது.
"உசுரு இருக்கு போலருக்கே, அம்பது சேத்துக் குடுங்க"
என்றார் ஜெகபர் அலி.
கொடுத்தேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை என்னுடையது,
திருத்துறைப்பூண்டி, ரயில்வே கேட்டுக்கு இப்பால்.
செம்புக் கம்பிச் சுருள்களுக்குப் பின்னால்
ஏற்கனவே ஏழு உட்கார்ந்திருக்கின்றன.
ஆறு இங்கிலீஷ்.
ஒன்று இந்தி, அதை ஏன் வாங்கினேன் என்று
எனக்கே தெரியாது.
இது எட்டாவது. தமிழ்.

மூடியைக் கழற்றினால் குளவிக்கூடு.
அடியில் உமி, இரண்டு குண்டூசி,
ரெவின்யூ ஸ்டாம்பின் ஒரு மூலை.
பத்திரம் எழுதுகிறவரிடம் இருந்த மிஷின்.
சொல்லிவைத்து வாங்கிய மண்ணெண்ணெயில்
மூன்று நாள் ஊறியது.
வண்டியை இழுக்கும் நாடா அறுந்திருந்தது.
தூண்டில் நரம்பு ஒன்றரை முழம் கட்டினேன்.
கொடுவா இழுத்துப் பழகியது,
வண்டியை இழுக்காதா?
இழுத்தது.

முதல் தாளில் எல்லா எழுத்தும் வரிசையில் நின்றன.
ற மட்டும் நிற்கவில்லை.
ஒரு மயிரிழை மேலே,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து,
தேர்க்கூட்டத்தில் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி.
தமிழ் மிஷினில் புள்ளி முதலில் விழும்.
வண்டி நகராது, காத்திருக்கும்.
எழுத்து வந்து அதற்குக் கீழே நிற்க வேண்டும்.
இந்த ற வந்து
புள்ளியைத் தலையால் முட்டியது.
மேற்படி என்று அடித்துப் பார்த்தேன்.
படி ஏறிவிட்டிருந்தது.
தனியாகச் சிரித்தேன்.
போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வந்த மறுநாள்,
மோட்டார்க்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்காத நாள்,
அவர் வந்தார்.
பெயர் சேதுரத்தினம். ஊர் சொல்லவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ்,
மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது,
என் தாளுக்குப் பக்கத்தில் விரித்து
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
வரிக்கு வரி மேற்படி.
ஒவ்வொரு மேற்படியிலும் அந்த ற.
"பதினெட்டாயிரம் தர்றேன்.
இதுக்கு மேல ஒண்ணும் ரிப்பேர் பண்ணாதீங்க.
இந்த எழுத்தைத் தொடவே தொடாதீங்க."
எதுக்கு என்றேன்.
"கேஸுக்கு."
ஐயாயிரம் அட்வான்ஸ் வைத்தார்.
படி இறங்கப் போனவர் திரும்பி,
"பழைய தாள் இருக்குமா, மஞ்சப் பூத்தது?"

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
மூக்குக் குறடை எடுத்தேன்.
பால்பற்றாய் ஒரு சொட்டு ஈயம்,
அதில் பிடிபட்டிருந்த எழுத்துத் தலையைச்
சூடு காட்டி அசைத்தேன்.
மயிரிழைதான்.
நாலு தடவை. ஐந்தாவது தடவை
மேற்படி, சமதரை.

வந்து ஒரு வரி அடித்துப் பார்த்தார்.
சண்டை போடவில்லை.
அட்வான்ஸை வாங்கி
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
"நீங்க பெரிய தப்பு பண்ணிட்டீங்கம்மா"
என்றபோது
குரல் உடைந்திருந்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

கோணலை வைத்துப் புதுசாய் ஒரு பத்திரம் அடிக்க வந்தவரா,
கோணலைக் காட்டி
பழைய பத்திரம் நிஜம் என்று சொல்ல வந்தவரா?
மஞ்சள் தாள் கேட்டாரே.
யாரோ கேட்கச் சொன்னார்களோ?
எத்தனை மா நிலம், யாருடைய பேரில்,
ஒன்றும் கேட்கவில்லை நான்.
எழுத்தை மட்டும் விசாரித்தேன்.
நேராக்கும் முன் அடித்த தாள் ஒன்று
மேசை டிராயரில் இருக்கிறது,
பேரிங் டப்பாவுக்கு அடியில்.
கிழிக்கவும் இல்லை.
அவர் நம்பரைத் தேடவும் இல்லை.

இப்போது கடை பில் அதில்தான் அடிக்கிறேன்.
ஐந்து எச்பி, காயில் கட்டியது,
மேற்படி மோட்டாருக்கு பேரிங் இரண்டு.
இடும்பாவனத்து அந்தோணிராசு
பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
யாரு குடுத்ததுன்னு தெரியலையே."
பேனாவை வாங்கி,
வெற்றிச்செல்வி என்று எழுதினேன்.
நடுவில் இருக்கும் றி
எப்போதும்போல்
சரிந்து விழுந்தது.